"எல்லோருக்கும் தெரியும்" என்றால் விசாரணை எதற்கு? ஹட்டன் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து ஒரு கேள்வி

வாசகர் கேள்வி, ஜூன் 11, இரவு 9.40

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நிர்வாக உத்தியோகத்தராக இருக்கிறேன். மே மாதக் கணக்கை முடித்தபோது தூள் நூறு கிலோவுக்கு மேல் குறைவது தெரிந்தது. இரவு ஷிப்டில் சலிப்பறையில் வேலை செய்யும் ஒருவர் மீதுதான் எல்லோருக்கும் சந்தேகம். முன்பும் ஒரு தடவை அவர் கடையில் தூள் விற்றதாகப் பேச்சு உண்டு. முகாமையாளர் என்னையே விசாரித்து வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை தரச் சொல்லிவிட்டார். ஒழுக்காற்று விசாரணை எப்படி நடத்துவது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவர்தான் எடுத்தார் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு விசாரணை வெறும் சடங்குதானே? சுருக்கமாக முடிக்க வழி உண்டா?

ஜூன் 11, இரவு 11.15

சுருக்கு வழி என்னிடம் இல்லை, தம்பி. பல வருடங்கள் தொழிற்சங்க மாவட்டக் காரியாலயத்தில் இருந்து தொழிலாளர் பக்கம் நின்று பேசியவன் நான். இப்போது பண்டாரவளையில் இருந்துகொண்டு, கம்பனிகள் கூப்பிட்டால் விசாரணை அதிகாரியாகவும் உட்காருகிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: "எல்லோருக்கும் தெரியும்" என்று தொடங்கிய விசாரணைகள்தான், வேலை நீக்க வழக்குகளைக் கேட்கும் தொழில் நியாய சபையில் முதலில் சரிந்து விழுகின்றன. அந்த எல்லோரும் யார் யார்? கண்ணால் கண்டவர் ஒருவராவது உண்டா? கடையில் விற்றதாகப் பேச்சு என்றால் எந்தக் கடை, எந்த மாதம், சொன்னது யார்? இதற்குப் பதில் இல்லாதவரை உங்களிடம் இருப்பது பேச்சு மட்டுமே.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. நூறு கிலோ குறைகிறது என்று எந்தக் கணக்கு சொல்கிறது? கொழுந்து நிறையை வைத்து இவ்வளவு தூள் வந்திருக்க வேண்டும் என்று போட்ட கணக்கா, களஞ்சியத்தில் சாக்கு எண்ணிப் பார்த்த கணக்கா? முதலாவது என்றால் அதை வைத்து ஒருவரையும் தொட முடியாது. நூறு கிலோ கொழுந்துக்குச் சுமார் இருபத்தொன்று, இருபத்திரண்டு கிலோ தூள் வரும் என்பது பொதுக் கணக்கு. மழைக் கொழுந்தில் இலையோடு தண்ணீரும் தராசில் ஏறுகிறது, தூள் விகிதம் இறங்குகிறது. ஒரு லட்சம் கிலோ கொழுந்துக்கு ஒரே ஒரு சதவீதம் இறங்கினால் ஆயிரம் கிலோ தூள் குறைந்ததாகக் காட்டும். உங்கள் பக்கம் மே கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்துவிடும். அந்தக் கணக்கில் நூறு கிலோ என்பது கண்ணுக்கே தெரியாத அளவு.

இன்றிரவே ஒன்று செய்யுங்கள். வாயிற் புத்தகம், ஷிப்ட் பதிவேடு, சலிப்பறைச் சாவிப் புத்தகம், ட்ரையர் நிறைப் புத்தகம், களஞ்சியப் புத்தகம், மே மாதம் அனுப்பிய சாக்குகளின் சீட்டுகள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் திகதியும் கையொப்பமும் போட்டுப் பூட்டி வையுங்கள். கமெரா இருந்தால் பதிவை இன்றே தனியாக எடுங்கள். பழைய பதிவு தானாக அழிந்துகொண்டே போகும். மனிதர்களிடம் நாளை பேசலாம், புத்தகங்கள் நாளை வரை அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஜூன் 12, காலை 6.30

உங்கள் கேள்வியைத் திரும்பப் படித்தேன். "மே மாதக் கணக்கை முடித்தபோது" என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கை முடித்தவர் நீங்கள்தானே? அப்படியானால் இந்த விசாரணையில் நீங்கள் சாட்சி. தூள் குறைந்ததாகச் சொல்லும் முதல் ஆள் நீங்கள். உங்கள் கணக்குச் சரியா என்பதையும் விசாரணை பார்க்க வேண்டும். உங்கள் கணக்கை நீங்களே விசாரித்து, நீங்களே சரி என்று எழுதினால் அதை யார் ஏற்பார்கள்?

முகாமையாளரிடம் இதை இப்படியே சொல்லுங்கள். வேலைக்குப் பயந்து பேசாமல் இருக்காதீர்கள். பக்கத்துத் தோட்டத்து உத்தியோகத்தர், ஓய்வுபெற்ற தொழில் உத்தியோகத்தர், ஒரு சட்டத்தரணி, யாராவது வெளியாள் உட்காரட்டும். அவருக்கு உதவியாகப் புத்தகங்களை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது உங்கள் வேலை. முகாமையாளரும் உட்காரக் கூடாது. அறிக்கையைப் படித்துத் தண்டனையைத் தீர்மானிக்கப் போகிறவர் அவர்.

ஜூன் 12, இரவு 8.50

அந்த மனிதரை "இனி வர வேண்டாம்" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டதாகத் தம்பி தனிச்செய்தியில் எழுதியிருக்கிறார். எனக்குக் கோபம் வருகிறது. வாயால் சொல்லி அனுப்பினால் அது இடைநிறுத்தமா, வேலை நீக்கமா? அவர் நாளைக்கே சங்கக் காரியாலயத்துக்குப் போய் "என்னை நிற்பாட்டிவிட்டார்கள்" என்று எழுதிக் கொடுக்கலாம், அது பொய்யாகவும் இராது.

நாளைக் காலையே கடிதம் போக வேண்டும். விசாரணை முடியும்வரை இடைநிறுத்தம், இது தண்டனை அல்ல, விசாரணைக்கு அழைக்கும்போது வர வேண்டும் என்ற மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். இடைநிறுத்தக் காலத்தில் சம்பளம் முழுசா, பாதியா, இல்லையா என்பது அவருடைய நியமனக் கடிதத்திலும் தொழிற்சாலை கையொப்பமிட்ட உடன்படிக்கையிலும் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எடுத்துப் பாருங்கள். இடைநிறுத்தாமல் சலிப்பறையிலிருந்து வேறு பகுதிக்கு மாற்றி வைக்க முடியும் என்றால் அதுவே நல்லது. ஒரு மாதச் சம்பளம் நின்றால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கடைப்பற்றும் சீட்டும் அடகும் ஒன்றோடொன்று இழுத்துக்கொண்டு விழும். குற்றம் செய்யாதவர் என்று பிறகு தெரிந்தால் அடகு வைத்த தோட்டை யார் மீட்டுக் கொடுப்பது?

அடுத்தது குற்றப்பத்திரம். "நீர் தொழிற்சாலைக்குச் சொந்தமான தேயிலையைத் திருடி, நம்பிக்கைத் துரோகம் செய்து, ஒழுக்கக் கேடாக நடந்துள்ளீர்" என்று எழுதிய கடிதங்கள் என் கையில் எத்தனையோ வந்திருக்கின்றன. என்று, எங்கே, எவ்வளவு, எப்படி என்று எதுவும் இராது. இதற்கு ஒரு மனிதர் "இல்லை" என்பதைத் தவிர வேறென்ன பதில் சொல்ல முடியும்? பதில் சொல்ல முடிகிற மாதிரி எழுதுங்கள்: "மே 23ஆம் திகதி இரவு ஷிப்டில் சலிப்பறைச் சாவி உமது பொறுப்பில் இருந்தபோது, இரவு 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில், இத்தனையாம் இலக்கச் சாக்கை அனுமதியின்றி வெளியே கொண்டுசென்றீர்." இப்படி எழுத உங்களிடம் விவரம் இல்லை என்றால் குற்றப்பத்திரம் கொடுக்கும் நிலைக்கு நீங்கள் இன்னும் வரவில்லை. உண்மை அறியும் ஆரம்ப விசாரணை வேறு, குற்றப்பத்திரம் கொடுத்து நடத்தும் முறையான விசாரணை வேறு. முதலாவதை முடிக்காமல் இரண்டாவதற்குத் தாவுவதுதான் நம் பக்கத்து வழக்கமாகிவிட்டது. அரசாங்க உத்தியோகத்தருக்குத் தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதி இந்தப் படிகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கு அந்தக் கோவை பொருந்தாது. ஆனால் அந்த வரிசையைப் பின்பற்ற வேண்டாம் என்று யாரும் தடுக்கவும் இல்லை.

ஜூன் 14, மாலை 5.10

வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. முகாமையாளர் அவகாசம் கொடுத்துவிட்டார், வெளியாள் ஒருவரையும் ஒழுங்கு செய்கிறார். நல்ல காரியம்.

இப்போது விசாரணை அறையைப் பற்றி. இதை நான் கொஞ்சம் நீட்டி எழுதத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டக் காரியாலயங்களில் தொழிலாளி ஜன்னலுக்கு வெளியே நின்று பேசுவது இன்றும் பல இடங்களில் நடக்கிறது. உள்ளே கிளாக்கர் உட்கார்ந்திருப்பார், தொழிலாளி வெளியே தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்து நிற்பார். அந்தப் பழக்கம் விசாரணை அறைக்குள்ளும் வந்துவிடுகிறது. பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் சங்கப் பிரதிநிதியாக நான் போன விசாரணை நினைவுக்கு வருகிறது. மேசையின் அந்தப் பக்கம் நான்கு நாற்காலி, இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வயதான மனிதர். வாசல் நிலையோடு ஒட்டி நின்றுகொண்டு, கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க சாமி" என்றார். மலைக்குப் போனீரா? ஆமாங்க சாமி. கத்தியை எடுத்தீரா? ஆமாங்க சாமி. சுப்பர்வைசரை வெட்டப் போனீரா? அதற்கும் ஆமாங்க சாமி. எழுதுகிறவர் பேனாவை எடுக்காமல் எழுதிக்கொண்டே போனார். நான் எழுந்து என் நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். உட்கார மாட்டேன் என்றார், கையைப் பிடித்து உட்கார வைத்தேன். ஒரு தேத்தண்ணி வந்தது. குடித்து முடித்த பிறகு அவரை அந்தக் காலையிலிருந்து சொல்லச் சொன்னோம். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பிரட்டில் தன் மகளைப் பற்றி சுப்பர்வைசர் சொன்ன ஒரு வார்த்தையில் ஆரம்பித்தார். அதுவரைக்கும் அந்த விசாரணையில் அப்படி ஒரு மகள் இருப்பதே யாருக்கும் தெரியாது.

கத்தியை ஓங்கியது உண்மை, அதை அவரும் மறுக்கவில்லை. தண்டனை கிடைத்தது. ஆனால் வேலை நீக்கமாகப் போக இருந்தது எச்சரிக்கையோடும் இடைநிறுத்திய நாட்களோடும் நின்றது. சுப்பர்வைசர் மீது தனி விசாரணையும் வந்தது.

ஆகவே நாற்காலி போடுங்கள், ஒரே உயரத்தில். "எடுத்தீரா இல்லையா" என்று தொடங்காமல் "அன்றைக்கு வேலைக்கு வந்ததிலிருந்து சொல்லுங்கள்" என்று தொடங்கி, அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாக்குமூலத்தை அவர் பேசுகிற மொழியில், அவர் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும். சிங்களத்தில் எழுதும் பாதுகாப்பு உத்தியோகத்தர் கேட்டு எழுதி, ஆங்கிலத்தில் தட்டச்சாகி, கடைசியில் தமிழ் மட்டும் தெரிந்த அம்மாவின் பெருவிரல் அடையாளம் விழுந்த தாள்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றை வாக்குமூலம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வந்ததே இல்லை. எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். திருத்தம் சொன்னால் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதி, அங்கேயும் ஒப்பம் வாங்குங்கள். அடித்தல் திருத்தல் உள்ள தாளைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

ஜூன் 14, இரவு 10.00

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க: சாட்சிகளைத் தனித்தனியாகக் கூப்பிடுங்கள். ஒரே வாங்கில் வரிசையாக உட்கார வைத்துக் கேட்டால் முதல் ஆள் சொன்னதைத்தான் மற்றவர்களும் சொல்வார்கள். ஆனால் முறையான விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் சாட்சி பேச வேண்டும், அவர் குறுக்குக் கேள்வி கேட்க இடம் கொடுக்க வேண்டும். அந்த நிலையில் மறைத்து வைத்த சாட்சி செல்லாது.

ஜூன் 16, காலை 7.45

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தோட்டச் சங்கத் தலைவர் எழுதியிருக்கிறார்: "சங்கத்தை உள்ளே விட்டால்தான் நியாயம் கிடைக்கும். தலைவர் இல்லாத விசாரணைக்குத் தொழிலாளி போகவே கூடாது."

முதற்பாதியோடு எனக்கு முழு உடன்பாடு. தனியாக வந்து நிற்கிற தொழிலாளிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும், அதைக் கேட்பது அவருடைய உரிமையாக இருக்க வேண்டும். ஆனால் தலைவரே, நம் வீட்டுக் குறையையும் பேசுவோம். குற்றம் சாட்டியவரும் சாட்டப்பட்டவரும் ஒரே சங்கத்தில் சந்தா கட்டுகிறவர்கள் என்றால் நீங்கள் யார் பக்கம்? புகார் கொடுத்தவள் ஒரு பெண், புகார் உங்கள் மைத்துனர் மேல் என்றால்? இருவரையும் கோயிலடிக்குக் கூப்பிட்டு, "ஒரே தோட்டத்துப் பிள்ளைகள், விட்டுக்கொடுங்கள்" என்று பேசி முடித்த கதைகள் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். சண்டை சச்சரவுக்கு அது பொருந்தலாம். களவுக்கும் கைநீட்டலுக்கும் பெண்ணைத் தொட்டதற்கும் அது பொருந்தாது. அப்படிப்பட்ட வழக்கில் சங்கம் வேறு தோட்டத்துப் பிரதிநிதியை அனுப்ப வேண்டும். முகாமையாளரிடம் கேட்கிற நடுநிலையைச் சங்கத்திடமும் கேட்கிறேன்.

இன்னொன்று. 2021இல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் சம்பள நிர்ணய சபை வழியாக வந்த பிறகு கம்பனிகள் சங்கங்களோடு செய்திருந்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. சம்பளத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். பிணக்கு வந்தால் யாரோடு எந்தப் படியில் பேசுவது என்ற பழக்கமும் அதோடு தளர்ந்துபோனதைப் பற்றி யாரும் பேசவில்லை. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத தோட்டங்களில் விசாரணை முறையையாவது எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஜூன் 17, இரவு 9.20

கண்டியிலிருந்து ஒருவர்: "தனியார் துறையில் உள்ளக விசாரணை நடத்த வேண்டும் என்று சட்டமே இல்லை. நீங்கள் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்."

சட்டம் அவர் சொல்வதுதான். உள்ளக விசாரணை நடத்தாமல் நீக்கியதற்காக மட்டுமே தொழில் நியாய சபையில் முதலாளி தோற்றுவிட மாட்டார். சபை சாட்சிகளை முதலிலிருந்து தானே கேட்கிறது. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1957இல் சேர்த்த பகுதிதான் சபைக்கு அந்த இடத்தைக் கொடுத்தது. நீதியும் நியாயமுமான கட்டளை என்று சபை எதைக் கருதுகிறதோ அதைப் பிறப்பிக்கலாம். சட்டப் பிரச்சினை இருந்தால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு.

ஆனால் இதிலிருந்து "அப்படியானால் விசாரணை வேண்டாம்" என்று முடிவெடுக்கிறவர் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை. சபையில் வழக்கு எடுக்கப்படும்போது வருடம் ஓடியிருக்கும். சாட்சி கொழும்புக்கு வேலைக்குப் போயிருப்பார், கமெராப் பதிவு அழிந்திருக்கும், தூள் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் வேறு தொழிற்சாலைக்கு மாறியிருப்பார். அன்றைக்கே ஒழுங்காக எழுதி, வாசித்துக் காட்டி, ஒப்பம் வாங்கிய தாள் மட்டும்தான் மிஞ்சும். அது தொழிலாளியையும் காக்கும், நேர்மையான முதலாளியையும் காக்கும்.

தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய இரண்டு கெடு. ஒழுக்காற்றுத் தண்டனையாக வேலை நீக்கினால், காரணத்தை இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் எழுத்தில் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் பொருந்துகிற இடங்களில் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. தொழிலாளி பக்கம் பார்த்தால், நியாய சபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம். "துரை திரும்ப எடுப்பதாகச் சொன்னார்" என்று காத்திருந்து ஆறு மாதத்தைத் தொலைத்த குடும்பங்கள் மலையகத்தில் ஏராளம். பேசிக்கொண்டே இருங்கள், விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள்.

எவ்வளவு நிரூபிக்க வேண்டும் என்றும் கண்டிக்காரர் கேட்டார். களவு என்ற குற்றச்சாட்டாக இருந்தாலும், குற்றவியல் நீதிமன்றம் கேட்கிற அளவு சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் இங்கே வேண்டியதில்லை. எது நடந்திருக்கக்கூடியது என்று சாட்சியங்கள் கூடுதலாகக் காட்டுகின்றன என்பதே அளவுகோல். 1975இல் உயர் நீதிமன்றம் பேட்டரி உற்பத்தி நிறுவன வழக்கொன்றில் சொன்னது இது. குறைந்த அளவுகோல் என்பதால் குறைந்த உழைப்புப் போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒருவருடைய பிழைப்பு அந்தத் தராசில் இருக்கிறது.

ஜூன் 19, இரவு 10.30

ஒரு சகோதரி பெயர் சொல்லாமல் கேட்டிருக்கிறார். தோட்டத்தில் நலன்புரி வேலை. கொழுந்து மடுவத்தில் நிறுக்கும் உத்தியோகத்தர் ஓர் இளம்பெண்ணிடம் தவறாக நடப்பதாகப் பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். அவள் புகார் கொடுக்க மறுக்கிறாள். என்ன செய்வது?

தங்கச்சி, இது தூள் குறைந்த கதையைவிடப் பெரியது. பறிக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். நிறுக்கிறவர், பேர் (வேலைநாள் கணக்கு) போடுகிறவர், மலை (பறிக்கும் இடம்) பிரித்துக் கொடுக்கிறவர் பெரும்பாலும் ஆண்கள். தராசைப் பிடித்திருக்கிறவன் கையில் அவளுடைய அன்றைய கூலி இருக்கிறது. ஈரத்துக்கு என்று இரண்டு கிலோ கூடுதலாக வெட்டினால் முழுநாள் கூலியான முழுப்பேர் அரைப்பேராகும். அந்தப் பயம் அவளுக்கு இருக்கும்வரை அவள் எப்படிப் புகார் எழுதுவாள்? 2023 பெப்ரவரியில் கென்யத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்காகப் பெண்களிடம் மேற்பார்வையாளர்கள் என்ன கேட்டார்கள் என்று பிபிசி வெளிக்கொண்டு வந்தபோது, அதைப் பார்த்த நம் பெண்கள் ஆச்சரியப்படவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

புகார் எழுத்தில் வந்தால்தான் அசைவோம் என்று நிர்வாகம் சொல்ல முடியாது. உங்கள் தோட்டம் ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் என்ற சர்வதேச அமைப்பின் சான்றிதழ் வைத்திருந்தால் குறைதீர்க்கும் ஏற்பாடு ஒன்று இருந்தே ஆக வேண்டும். 2020ஆம் ஆண்டுத் தரநிலை அதைக் கேட்கிறது. சுவரில் தொங்கும் பெட்டியைக் காட்டினால் போதாது என்று சொல்லுங்கள். முதல் காரியம், விசாரணை தொடங்கும் முன்பே அந்த மனிதரைத் தராசிலிருந்து மாற்றுங்கள். பெண்ணை வேறு மலைக்கு மாற்றாதீர்கள். "அவளுடைய பாதுகாப்புக்காக" என்று சொல்லித் தூரத்து மலைக்கு அனுப்பினால் அவள்தான் தண்டிக்கப்பட்டதாகத் தோட்டமே படிக்கும்.

பேசுவது ஒரு பெண்ணாக இருக்கட்டும், அதே தோட்டத்தில் உறவு இல்லாதவராக. காரியாலயத்துக்குக் கூப்பிட வேண்டாம். யார் போனார், எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்று அந்தி சாய்வதற்குள் எல்லா லயத்துக்கும் போய்விடும். மருந்தகத்துக்கோ பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கோ போகிற நேரத்தில் பேசலாம். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்கவே கேட்காதீர்கள். ஒரே சம்பவத்தை நாலு பேரிடம் நாலு தடவை சொல்ல வைக்காதீர்கள். குறுக்குக் கேள்வி என்று முன்னால் எழுதினேன் அல்லவா? இந்த வகை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் நேருக்கு நேர் கேட்க வேண்டியதில்லை. கேள்விகளை எழுதிக் கொடுக்கட்டும், விசாரணை அதிகாரி அவளிடம் கேட்கலாம்.

1995இல் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு திருத்தப்பட்ட பிறகு பாலியல் தொல்லை ஐந்து வருடம் வரை சிறை போகக்கூடிய குற்றம். பொலிஸுக்குப் போவது அவளுடைய தீர்மானம். போகாதே என்று தடுக்கவும் போய்த்தான் ஆக வேண்டும் என்று தள்ளவும் உள்ளக விசாரணைக்கு உரிமை இல்லை.

ஜூன் 20, காலை 6.10

நேற்று விட்டது. சாட்சி சொன்ன பெண்களின் வேலைநாளும் கூலியும் பதிகிற செக்ரோலை அடுத்த மூன்று மாதம் பாருங்கள். பழிவாங்கல் மிரட்டலாக வராது. கிலோ குறையும், அரைப்பேர் கூடும், தூரத்து மலை விழும், குழாயடியில் முறை தள்ளிப்போகும். முதல் மூன்றும் புத்தகத்தில் தெரியும்.

ஜூன் 23, மாலை 4.00

"வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ஒரே சொல், ஒரே நீதி, இந்தத் தொல்லை எதுவும் இல்லை" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். வயதுக்கு மரியாதை, கருத்துக்கு இல்லை ஐயா.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வேலைக்கு வராததும் கீழ்ப்படியாததும் மதுபோதையும் மூன்று மாதம் வரை கடூழியச் சிறைக்குரிய குற்றங்கள். முறைப்பாடு கொடுப்பவர் துரை. கடனை எழுதிய துண்டுச் சீட்டைத் தீர்க்காமல் ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறை ஒழிய 1921 வரை காத்திருந்தோம். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அதற்கு ஆணைக்குழு வைத்து விசாரித்தார்கள். தொழிலாளி ஒருவரின் சாவு விசாரிக்கப்பட வேண்டியது என்பதே போராடித்தான் கிடைத்தது. என் பாட்டனார் துண்டு என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இரவோடிரவாகச் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தோட்டம் தேடிய குடும்பம் எங்களுடையது. என்ன குற்றத்துக்காக என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. நான் இந்த வேலைக்கு வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஜூலை 2, இரவு 9.00

தம்பியிடமிருந்து செய்தி. வெளியிலிருந்து வந்த அதிகாரி புத்தகங்களை வைத்துக் கணக்கை மறுபடி போட்டிருக்கிறார். களஞ்சியத்தில் சாக்கு எண்ணியதும் அனுப்பிய சீட்டுகளும் பொருந்துகின்றன. சலிப்பில் ஒதுக்கிய கழிவுத்தூள் சில நாட்கள் புத்தகத்தில் ஏறவே இல்லை, குறைவில் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. ஏறத்தாழ முப்பது கிலோவுக்கு இன்னும் விளக்கம் இல்லை. இரவு ஷிப்ட் மனிதர் எடுத்தார் என்பதற்குச் சாட்சி எதுவும் வரவில்லை. கடையில் விற்ற கதையைச் சொன்ன மூவரும் இன்னொருவர் சொல்லித்தான் கேட்டார்களாம். ஆனால் ஓர் இரவு சலிப்பறைச் சாவியை விதிக்கு மாறாக இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போனதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அறிக்கையை எப்படி முடிப்பது என்று தம்பி கேட்கிறார். முகாமையாளர் "சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கிறோம்" என்று எழுதச் சொல்கிறாராம். அப்படி எழுத வேண்டாம். அந்த வரியைப் படிக்கிறவர் எல்லோரும் "எடுத்தவன்தான், தப்பிவிட்டான்" என்றே படிப்பார்கள். தேயிலை எடுத்தார் என்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று நேராக எழுதட்டும். சாவி விடயம் தனிக் குற்றச்சாட்டாக அவருக்குக் கொடுக்கப்பட்டு, அவர் பதிலும் கேட்கப்பட்டிருந்தால் மட்டும் அதற்கு முடிவு எழுதலாம். கொடுக்காத குற்றச்சாட்டுக்குத் தண்டனை எழுத முடியாது. முதல் தடவை, பழைய எச்சரிக்கை எதுவும் கோப்பில் இல்லை என்றால் எச்சரிக்கைக் கடிதம் போதும். முப்பது கிலோவுக்கு விளக்கம் இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதட்டும். கழிவுத்தூளைப் புத்தகத்தில் ஏற்றாதது யார் பொறுப்பு என்பது அடுத்த கேள்வி, அது மேலிடம் நோக்கிப் போகும் என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

ஜூலை 3, காலை 7.00

தம்பி, கடைசியாக ஒன்று. அவரைத் திரும்ப எடுக்கும் கடிதத்தைத் தமிழில் கொடுங்கள், குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்ற வரி அதில் இருக்கட்டும். சந்தேகத்தைப் பிரட்டில் எல்லோர் முன்னும் பேசினீர்கள் என்றால் இதையும் அங்கேயே சொல்லுங்கள், அவர் சம்மதித்தால். இடைநிறுத்திய நாட்களின் சம்பளத்தை இந்த மாதச் சம்பளத்தோடு போடும்போது ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 சதவீதமும் அவர் பங்கு 8 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் சேர்த்துக் கட்டுங்கள். பல இடங்களில் கையில் கொடுத்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். அடுத்த மாதக் கடைசிக்குள் போகிறதா என்று நீங்களே பார்த்து, பற்றுச்சீட்டின் பிரதியை அவரிடம் கொடுங்கள்.